விண்மீன் பிறப்பை அளந்த 'அஸ்ட்ரோசாட்': பாதி விடைக்கு அயல்நாட்டை நம்பும் இந்தியா

சூளூர்பேட்டை: சென்னை - கூடூர் ரயில் பாதையில், சென்னையிலிருந்து சுமார் 80 கி.மீ. தொலைவில் உள்ள சூளூர்பேட்டைக்கு ராக்கெட் ஏவப்படும் நாள்களில் மட்டுமே நாளிதழ்களில் இடம் கிடைக்கிறது. நெல்லூர் மாவட்டத்தில் இருந்து, 2022-ல் திருப்பதி மாவட்டத்துடன் சேர்க்கப்பட்ட ஊர் இது. இங்கிருந்து பழவேற்காடு ஏரியின் குறுக்கே செல்லும் சாலையே ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு வழி. ராக்கெட்டின் புகை கலைந்ததும் செய்தியும் கலைந்துவிடுகிறது. மேலே சென்ற கருவி பின்னர் என்ன செய்தது என்று கேட்பவர்கள் குறைவு.

2015 செப்டம்பர் 28-ம் தேதி காலை பி.எஸ்.எல்.வி. சி-30 ராக்கெட் மூலம் செலுத்தப்பட்ட 'அஸ்ட்ரோசாட்' அத்தகைய ஒன்று. வானியல் ஆய்வுக்கென்றே இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோள் இது. எடை சுமார் 1,500 கிலோ; செலவு ரூ.178 கோடி. ஐந்தாண்டுகள் இயங்கினால் போதும் என்று திட்டமிடப்பட்ட அது, 2025 செப்டம்பரில் பத்தாண்டுகளைக் கடந்தது.

இதில் உள்ள கருவிகளில் ஒன்று, பெங்களூருவில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் தலைமையில் உருவான புற ஊதாத் தொலைநோக்கி. காவலூர், கொடைக்கானல் வானாய்வகங்களை நடத்தி வருவதும் இதே நிறுவனம்தான். புதிதாகப் பிறந்த பெரும் விண்மீன்கள் கடும் வெப்பத்தால் புற ஊதாக் கதிர்களை மிகுதியாக வீசுகின்றன. அவற்றின் ஆயுளும் குறைவு. எனவே ஒரு விண்மீன் மண்டலத்தில் புற ஊதா ஒளி எங்கே மிகுந்துள்ளதோ, அங்கே அண்மைக் காலத்தில் விண்மீன்கள் பிறந்துள்ளன என்று கொள்ளலாம். வளிமண்டலம் இக்கதிர்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால், விண்ணுக்குச் சென்றே பார்த்தாக வேண்டும். அமெரிக்காவின் 'கேலெக்ஸ்' செயற்கைக்கோள் முன்னர் இப்பணியைச் செய்தது. பரப்பில் அது முந்தியது என்றாலும், படத்தின் துல்லியத்தில் இந்தியக் கருவி அதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு மேம்பட்டது. ஆண்ட்ரோமீடா, மெகல்லன் மேகங்கள் உள்ளிட்ட அருகிலுள்ள மண்டலங்கள் பலவற்றை அது படம் பிடித்துள்ளது.

ஆனால் பிறந்த குழந்தைகளை எண்ணினால் மட்டும் போதாது. தொட்டிலையும் பார்க்க வேண்டும். விண்மீன்கள் உருவாவது மிகக் குளிர்ந்த மூலக்கூறு வாயு மேகங்களில். அவற்றில் பெரும்பகுதி ஹைட்ரஜன் மூலக்கூறு. அந்தக் குளிரில் அது ஏறக்குறைய எந்தக் கதிரையும் வீசுவதில்லை. ஆகவே அதனுடன் சிறிதளவு கலந்துள்ள கார்பன் மோனாக்சைடு வெளியிடும் மில்லிமீட்டர் அலைகளை அளந்து, ஹைட்ரஜனின் அளவைக் கணக்கிடுகின்றனர். சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்தில் 66 வாங்கிகளைக் கொண்டுள்ள 'அல்மா', அருகிலுள்ள சுமார் 90 மண்டலங்களில் இந்த வாயுவைக் கணக்கெடுத்தது.

இவ்விரண்டு அளவீடுகளும் சேரும்போது என்ன தெரியவரும் என்பதற்கு 'ஜே.ஓ.201' என்ற மண்டலம் நல்ல சான்று. அதன் நடுப்பகுதியில் சுமார் 28,000 ஒளியாண்டு அகலத்துக்குப் புற ஊதா ஒளி மங்கியிருப்பதை இந்தியத் தொலைநோக்கி காட்டியது. 'அல்மா'வின் வரைபடத்தில் மூலக்கூறு வாயுவும் நடுவே குழி விழுந்தாற்போல் காணப்பட்டது. மையத்தில் உள்ள ராட்சதக் கருந்துளையின் ஆற்றலே அங்கு விண்மீன் பிறப்பை நிறுத்தியிருக்கக்கூடும் என்று இந்திய, இத்தாலிய வானியலாளர்கள் உள்ளிட்ட குழு 2019-ல் முடிவுக்கு வந்தது. இந்த விடையில் ஒரு பாதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து சென்றது. மறுபாதி சிலியில் இருந்து வந்தது.

'அல்மா'வில் இந்தியா உறுப்பு நாடு அல்ல. இந்திய விஞ்ஞானிகள் உறுப்பு நாட்டவருடன் இணைந்தோ, பொதுப் போட்டியில் வென்றோதான் நேரம் பெற வேண்டும். 1980-களில் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் 10.4 மீட்டர் மில்லிமீட்டர் அலைத் தொலைநோக்கி நிறுவப்பட்டதுண்டு. காற்றில் உள்ள நீராவி இவ்வலைகளை விழுங்கிவிடும் என்பதால், உயரமான வறண்ட இடமே இதற்கு ஏற்றது. லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஹான்லே அத்தகைய இடம்தான். அங்கு ஒளியியல் தொலைநோக்கி 2000-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 'அல்மா'வுக்கு நிகரான மில்லிமீட்டர் தொலைநோக்கி வரவில்லை.

சர்வதேச எஸ்.கே.ஏ. ரேடியோ தொலைநோக்கித் திட்டத்தில் சேர மத்திய அரசு ரூ.1,250 கோடி ஒதுக்க ஒப்புதல் அளித்ததே என்று கேட்கலாம். அது வரவேற்கத்தக்கதே. ஆனால் அத்தொலைநோக்கி முதன்மையாகப் பார்ப்பது அணு ஹைட்ரஜனை. அருகிலுள்ள மண்டலங்களின் கார்பன் மோனாக்சைடு அலை அதன் எல்லைக்கு வெளியே உள்ளது. அணு ஹைட்ரஜனில் இந்தியாவுக்கு ஏற்கெனவே வலிமை உண்டு. புணே அருகே உள்ள ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கியால் 7,653 மண்டலங்களின் சமிக்ஞைகளைச் சேர்த்து, 800 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய வாயுவை 2020-ல் அளந்தவர்கள் இந்தியர்கள். இல்லாதது இடையில் உள்ள கண்ணி.

இருப்பதும் முதுமை அடைகிறது. புற ஊதாத் தொலைநோக்கியின் இரு புற ஊதா அலைவரிசைகளில் ஒன்று 2018-லேயே செயலிழந்தது. அதற்கு அடுத்ததாக 'இன்சிஸ்ட்' என்ற விண்வெளித் தொலைநோக்கியை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் முன்மொழிந்துள்ளது. ஸ்ரீஹரிகோட்டாவில் மூன்றாவது ஏவுதளம் அமைக்க 2025 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒதுக்கிய தொகை ரூ.3,984.86 கோடி. ஏவுதளம் தேவையற்றது என்று யாரும் சொல்லவில்லை. அதிலிருந்து ஏவப்பட வேண்டிய அறிவியல் கருவிகளுக்கு எவ்வளவு என்பதே கேள்வி. 2020-21 கணக்குப்படி, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தையே ஆராய்ச்சி, மேம்பாட்டுக்கு நாடு செலவிடுகிறது. கருவி கட்டி முடிக்கப் பத்தாண்டுகளுக்கு மேல் பிடிக்கும் துறையில், 'அஸ்ட்ரோசாட்' ஓய்ந்த பின் முடிவெடுத்தால் இடைவெளி ஒரு தலைமுறை மாணவர்களைப் பாதிக்கும்.