மோரிஸ் மைனர்: எதை மாற்றலாம், எதை விட்டுவைக்கலாம்?

தாத்தா ஓட்டிய மோரிஸ் மைனர் காரைப் பேரன் ஓட்ட ஆசைப்படுகிறார். அதற்கு டிஸ்க் பிரேக் போடலாமா? சீட் பெல்ட் பொருத்தலாமா? அப்படிச் செய்தால் அது பழைய காராகவே இருக்குமா? கலந்துரையாடலில் அதிகம் சூடு பறந்தது இந்தக் கேள்வியில்தான்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948-இல் பிரிட்டனில் அறிமுகமானது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். அன்றைய மலாயாச் சாலைகளுக்கு அது போதும். இன்று நெடுஞ்சாலையில் முன்னால் போகும் புதிய கார் சட்டென்று நின்றால், மைனர் அதே தூரத்தில் நிற்காது.

அதற்காக உடனே டிஸ்க் பிரேக்கிற்கு ஓட வேண்டியதில்லை என்பது என் கருத்து. முதலில் இருப்பதைச் சரியாக வேலை செய்ய வையுங்கள். மைனரின் பிரேக் பம்ப் ஓட்டுநரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. விரிப்பைத் தூக்கினால்தான் எண்ணெய் அளவு தெரியும். அதனாலேயே பலர் பார்ப்பதில்லை. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்த் தடம் என்பதால், எங்காவது ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் மிதி முழுதாகக் கீழே இறங்கிவிடும். இரட்டைத் தடப் பம்ப் மாற்றினால் ஒரு பகுதி பிரேக்காவது மிஞ்சும். வெளியில் பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. இதைவிட நல்ல மாற்றம் எனக்குத் தெரியவில்லை.

முன் சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியன் என்ற மரை மூட்டும் அப்படித்தான். கிரீஸ் அடிக்காமல் தேய விட்டால், ஒரு நாள் மூட்டு கழன்று சக்கரம் மடங்கிவிடும். தவறாமல் கிரீஸ் அடிப்பதால் காரின் அசல் தன்மை எதுவும் குறைந்துவிடாது. ரேடியல் டயரும் அதே 14 அங்குல ரிம்மில் உட்காரும். நம் நாட்டு மழையில் நன்றாகப் பிடிக்கும்.

ஆரம்ப கால மைனரில் திரும்பும் சமிக்ஞை விளக்கு கிடையாது. கதவுத் தூணிலிருந்து ஒரு சிறு கை வெளியே நீளும். 1961-இல்தான் மின்னும் விளக்குகள் வந்தன. அந்தக் கையின் அழகே அழகு! ஆனால், பின்னால் வரும் மோட்டார் சைக்கிளோட்டிக்கு அதைப் பார்க்கவே தோன்றாது. கையை அப்படியே விட்டுவிட்டு, பம்பருக்கு அருகில் மின்னும் விளக்கைக் கூடுதலாகப் பொருத்துங்கள். வேண்டாமென்றால் நாளை கழற்றிவிடலாம். கழற்ற முடியுமா என்பதையே நான் முதலில் கேட்பேன்.

பெரிய எஞ்சின் மாற்றுவது வேறு கதை. அதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும்; பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் கூடவே மாற வேண்டும். பிறகு தாத்தாவின் காரில் தாத்தா இருக்கமாட்டார்.

சீட் பெல்ட்டுக்கு மட்டும் சமரசம் இல்லை. மூன்று முனைப் பெல்ட்டை வோல்வோ 1959-இல் கொண்டுவந்தது. மலேசியாவில் முன்னிருக்கைக்கு 1979-இலும் பின்னிருக்கைக்கு 2009-இலும் கட்டாயமானது. துருப்பிடித்த மெல்லிய தகட்டில் துளை போட்டு மாட்டினால் பயனில்லை. உள்ளே கனமான இரும்புத் தகடு வைத்து முடுக்க வேண்டும். அந்தத் துளைகள் காரில் நிரந்தரமாக இருக்கும்தான். இருக்கட்டும். பின்னிருக்கையில் பெல்ட் இல்லாத காரில் நான் ஒரு பிள்ளையையும் ஏற்ற மாட்டேன்.