தீவுகளின் ஈரக் காற்றும் நைட்ரோ எஞ்சினும்

ரேடியோ அலைகளின் உதவியால் தொலைவிலிருந்தே செலுத்தப்படும் சிறு மோட்டார் வண்டிகளில் இருவகை உண்டு. ஒன்று மின்கலத்தால் ஓடுவது. மற்றொன்று எரிபொருளை எரித்து ஓடும் மெய்யான எஞ்சினைக் கொண்டது. இந்த எஞ்சின் உள்ளங்கையில் அடங்கிவிடும். இதன் ஸிலிண்டரின் கொள்ளளவு பெரும்பாலும் 2 முதல் 3.5 கன சென்டிமீட்டர் வரையே இருக்கும். ஆயினும் இதன் சுழல்தண்டு நிமிஷத்துக்கு 30,000 சுற்றுகளுக்கு மேல் சுழல வல்லது. அதாவது ஒரு விநாடிக்கு 500 சுற்றுகள். மெதனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் ஆகிய மூன்றும் கலந்த திரவமே இதற்கு உணவு. நைட்ரோ எஞ்சின் என்னும் பெயர் அதனால் வந்தது. மின்கல வண்டிகள் மலிந்துவிட்ட இக்காலத்தில் இதனை நாடுவோர் தொகை குறைந்துள்ளது. எனினும் வெப்பம் எவ்வாறு வேலையாக மாறுகிறது என்பதை மாணவருக்குக் கண்கூடாகக் காட்ட இதைப் போன்ற கருவி அரிது.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இத்தகைய வண்டியை ஓட்ட முற்படுவோர் ஓர் இடையூற்றை எதிர்பார்க்க வேண்டும். புதிய எரிபொருளில் சீராக ஓடிய எஞ்சின், மழைக்காலம் தொடங்கிய சில வாரங்களில் சோர்வடையும்; மெதுவாக ஓடும்போது திடீரென நின்றுவிடும்; ஊசி வால்வை எப்படித் திருப்பினும் நிலைகொள்ளாது. காற்றில் ஈரம் மிகுந்துவிட்டது, ஆகவே நைட்ரோ கூடுதலாக உள்ள எரிபொருள் வேண்டும் என்று முடிவு செய்வது இயல்பு. அம்முடிவு எந்த அளவுக்குச் சரி என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது தகும்.

முதலில் எஞ்சினின் அமைப்பைக் காண்போம். மீன்பிடி படகின் பின்புறத்தில் மாட்டப்படும் சிறு எஞ்சின்களிற் பலவற்றைப் போல இதுவும் ஈரடி எஞ்சினே. சுழல்தண்டின் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை எரிதல் நிகழும். எண்ணெய்க்கெனத் தனித் தொட்டி இல்லை. எரிபொருளில் கரைந்துள்ள எண்ணெயே உள்ளுறுப்புகளுக்கு வழவழப்பைத் தருகிறது. இவ்வெண்ணெய் நாம் நன்கறிந்த விளக்கெண்ணெயாகவோ, செயற்கை எண்ணெயாகவோ, இரண்டும் சேர்ந்ததாகவோ இருக்கும். விளக்கெண்ணெய் மெதனாலில் எளிதில் கரைவதாலும், மிகுந்த சூட்டிலும் உலோகத்தின்மேல் படலமாக நின்று காப்பதாலும் இன்றளவும் கைவிடப்படவில்லை.

பெட்ரோல் எஞ்சினில் உரிய கணத்தில் மின்பொறி பாய்ந்து கலவையைப் பற்றவைக்கிறது. நைட்ரோ எஞ்சினில் மின்பொறி கிடையாது. ஸிலிண்டரின் தலைப்பகுதியில் பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருளுடன் கூடிய ஒளிர்முளை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். தொடக்கத்தில் மட்டும் சிறு மின்கலத்தால் அக்கம்பியைச் சிவக்கச் செய்வார்கள். பின்னர் மின்கலத்தை அகற்றிவிட்டாலும் கம்பி தொடர்ந்து ஒளிரும். மெதனால் ஆவி பிளாட்டினத்தின் பரப்பில் பிராணவாயுவுடன் கூடும்போது உண்டாகும் வெப்பமும், கலவை அழுத்தப்படும்போது எழும் வெப்பமும் அதனை அணையவிடுவதில்லை. சூடேறிய பிளாட்டினக் கம்பி எரியக்கூடிய ஆவியில் சுடரின்றியே ஒளிர்வதை ஹம்ப்ரி டேவி 1817ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். சுரங்கத் தொழிலாளரின் விளக்கைச் சீர்ப்படுத்தும் ஆராய்ச்சியில் கிட்டிய அவ்வுண்மை, 1947ஆம் ஆண்டளவில் அமெரிக்கரான ரே ஆர்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒளிர்முளையின் வாயிலாக விளையாட்டு எஞ்சின்களுக்குப் பயன்படலாயிற்று.

இனி நைட்ரோமீத்தேனின் பங்கு. எடைக்கு எடை பார்த்தால் இது வலிமை குறைந்த எரிபொருள். ஒரு கிலோகிராம் மெதனால் ஏறத்தாழ 20 மெகாஜூல் வெப்பம் தரும். நைட்ரோமீத்தேன் தருவது 11 மெகாஜூல் அளவே. ஆனால் நைட்ரோமீத்தேன் தன் மூலக்கூற்றிலேயே பிராணவாயுவைச் சுமந்து வருகிறது. ஆதலின் ஒரு கிலோகிராம் மெதனாலை முழுமையாக எரிக்க 6.4 கிலோகிராம் காற்று தேவைப்படும்போது, நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோகிராம் காற்றே போதும். எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் உட்கொள்ளக்கூடிய காற்றோ ஓர் அளவுக்கு உட்பட்டது. அதே காற்றைக் கொண்டு மெதனாலைவிட இரு மடங்கு வெப்பத்தை நைட்ரோமீத்தேன் தருவதன் இரகசியம் இதுதான்.

ஆயினும் கடையில் விற்கும் எரிபொருளில் நைட்ரோமீத்தேன் ஒரு பகுதியே. 20 சதவிகிதம் உள்ள எரிபொருளுக்குப் பதிலாக 30 சதவிகிதம் உள்ளதைப் பயன்படுத்தினால், அதே காற்றிலிருந்து கிடைக்கும் வெப்பம் ஏட்டுக் கணக்கில் சுமார் 6 சதவிகிதமே உயரும். மேலும் நைட்ரோ மிகுந்தால் கலவை முன்னதாகவே பற்றிக்கொள்ளும். ஸிலிண்டர் தலையின் அடியில் மெல்லிய தகட்டு வளையம் ஒன்றைக் கூடுதலாக இட்டு அழுத்தத்தைக் குறைக்காவிடில் பிஸ்டன் மேலேறும்போதே வெடிப்பு நேர்ந்து, ஒளிர்முளையின் கம்பி அறுந்துபோகும். இத்தகட்டை மறந்துவிட்டு எரிபொருளை மட்டும் மாற்றுவோரே மிகுதி.

காற்றின் ஈரத்தால் உண்டாகும் இழப்பு எவ்வளவு? 30 டிகிரி சென்டிகிரேடில் முழு ஈரம் கொண்ட காற்றில் நீராவியின் அழுத்தம் 42 மில்லிபார். ஈரப்பதம் 80 சதவிகிதமாயின் அது 34 மில்லிபார் ஆகும். கடல் மட்டத்தில் காற்றின் மொத்த அழுத்தம் சுமார் 1,010 மில்லிபார். ஆகவே எஞ்சின் இழுக்கும் காற்றில் நீராவி பிடித்துக்கொள்ளும் இடம் 3.4 சதவிகிதம். ஈரப்பதம் 40 சதவிகிதமாக உள்ள வறண்ட ஊரிலும் இது 1.7 சதவிகிதம் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை 2 சதவிகிதத்தை எட்டவில்லை. ஒப்புநோக்க, 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில், அங்குள்ள குளிர்ச்சியைக் கணக்கில் சேர்த்தாலும், ஒரு கன மீட்டரில் அடங்கும் காற்று கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றைப் பொறுத்தவரையில் கடல் மட்டத்திலுள்ள தீவுகள் எஞ்சினுக்கு நல்ல இடமே. ஊசி வால்வைச் சிறிதே திருகினால் அந்த 2 சதவிகிதம் சரியாகிவிடும். சோர்வுக்குக் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

அக்காரணம் எரிபொருள் டப்பாவினுள் இருக்கிறது. மழைக்காலத்தில் அடுக்களையில் உப்பு ஜாடி கசிவதை அறியாதார் இல்லை. மெதனாலுக்கும் நீர்மீது அத்தகைய வேட்கை உண்டு. மூடி திறந்திருக்கும் ஒவ்வொரு முறையும் அது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். பெட்ரோலில் நீர் கலந்தால் அது அடியில் தனியே தங்கிக் கண்ணுக்குப் புலப்படும். மெதனாலிலோ நீர் எந்த அளவிலும் முற்றாகக் கலந்துவிடுவதால் கெட்ட எரிபொருளும் நல்லதைப் போலவே தெளிவாகத் தோன்றும்.

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரில் ஆண்டு மழை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக்காற்றுகளும் அங்கு மழையைத் தருகின்றன. சென்னைக்கும் அந்நகருக்கும் இடையே கடல்வழித் தொலைவு ஏறக்குறைய 1,190 கிலோமீட்டர். எளிதில் தீப்பற்றும் இத்திரவத்தைப் பயணிகள் விமானத்தில் உடன் கொண்டுசெல்ல இயலாது. ஆகவே ஒருமுறை தருவித்த டப்பாவைப் பல மாதங்கள் வைத்திருந்து, சிறிது சிறிதாக எடுத்துப் பயன்படுத்தும் நிலை உண்டாகிறது. பாதி காலியான டப்பாவின் மூடி இறுக்கமாக இல்லையெனில் அது பகலில் சூடேறி உள்ளிருக்கும் ஆவியை வெளிவிடும். இரவில் குளிர்ந்து ஈரக் காற்றை உள்ளிழுக்கும். ஓட்டாதபோதும் எரிபொருள் கெட்டுக்கொண்டே இருக்கிறது என்பது பொருள்.

இன்னொரு வழியும் உண்டு. இதைப் பலர் நினைப்பதில்லை. வண்டியின் எரிபொருள் தொட்டிக்குப் புகைக்குழாயிலிருந்து ஒரு சிறு குழாய் செல்கிறது. புகையின் அழுத்தத்தால் எரிபொருளை எஞ்சினுக்குத் தள்ளுவதே அதன் நோக்கம். மெதனால் எரியும்போது ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு மூலக்கூறு நீரைத் தோற்றுவிக்கிறது. அந்த நீராவியில் ஒரு பகுதி இக்குழாய் வழியே தொட்டிக்குள்ளும் புகும். எனவே ஓட்டம் முடிந்தபின் தொட்டியில் எஞ்சியதை மறுபடியும் டப்பாவில் ஊற்றுதல் கூடாது. சிக்கனம் கருதிச் செய்யும் இச்செயல் டப்பா முழுவதையும் கெடுத்துவிடும்.

நீர் கலந்த எரிபொருள் எஞ்சினை எவ்வாறு கெடுக்கிறது? நீர் எரிவதில்லை, ஆவியாவதற்காக வெப்பத்தை மட்டும் விழுங்குகிறது. ஒளிர்முளையின் கம்பி மங்குகிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது, வெப்பம் ஏற்கெனவே குறைவாதலின், அணைந்தே போகிறது. இந்தச் சோர்வு, எரிபொருள் மிகுந்த செறிந்த கலவையால் வரும் சோர்வைப் போலவே தோற்றமளிக்கும். ஓட்டுபவர் ஊசி வால்வை உட்புறம் திருகிக் கலவையை மெலியச் செய்கிறார். எஞ்சின் சற்றுநேரம் விறுவிறுப்படைகிறது, மறுபடி தளர்கிறது, மேலும் திருகுகிறார். எரிபொருள் குறையும்போது அதனுடன் வரும் எண்ணெயும் குறைகிறது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். வெப்பம் ஏறுகிறது, எண்ணெய் வற்றுகிறது. அலுமினிய பிஸ்டனும், குரோமிய முலாம் பூசிய பித்தளை உறையும் உராய்ந்து தேய்கின்றன. இவ்வுறையின் மேற்பகுதி நூலிழையளவு குறுகலாகவே கடையப்பட்டிருக்கும். பிஸ்டன் அங்கே இறுகப் பொருந்துவதாலேயே அழுத்தம் நிலைக்கிறது. அப்பொருத்தம் தேய்ந்துவிட்டால் எத்தகைய எரிபொருளாலும் பழைய வேகத்தை மீட்க முடியாது.

ஆகவே எஞ்சின் சோர்ந்தால் முதலில் வால்வைத் தொடாமல் எரிபொருளை மாற்றிப் பார்ப்பதே முறை. இச்சோதனைக்கெனப் புது டப்பாவைத் திறந்தவுடனே ஒரு சிறு புட்டியில் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடித் தனியே வைத்துக்கொள்ளலாம். வால்வின் நிலையை மாற்றாமல் அந்த எரிபொருளில் எஞ்சின் நன்கு ஓடினால் குற்றம் டப்பாவினுடையது. எஞ்சியதையும் அவ்வாறே மெதனாலைத் தாங்கும் சிறு புட்டிகளில் நிரப்பி, நிழலில் வைத்து, ஒவ்வொன்றாகத் திறந்து பயன்படுத்துவது சாலச் சிறந்தது.

எரிபொருள் நல்லதென்று தெளிந்தபின் வால்வைச் சரிசெய்யலாம். எஞ்சின் சூடேறும் முன் அதைச் செய்தல் பயனற்றது. பித்தளை உறை விரிந்த பின்னரே பிஸ்டன் எளிதாக ஓடும். சற்றே செறிந்த கலவையில் தொடங்கி, ஒருமுறைக்கு ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் திருகாமல், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். முழு வேகத்தில் செல்லும்போதும் புகைக்குழாயிலிருந்து இளநீலப் புகை இழையாக வந்துகொண்டே இருக்க வேண்டும். புகை நின்றால் எண்ணெய் போதவில்லை. ஸிலிண்டர் தலையின் வெப்பம் பொதுவாக 100 முதல் 120 டிகிரி வரை இருப்பது நலம். அளவுமானி இல்லாதவர் ஒரு சொட்டு நீரை அதன்மேல் விட்டுப் பார்க்கலாம். மூன்று முதல் ஐந்து விநாடிகளில் கொதித்து மறைந்தால் நிலைமை சரி. பட்டவுடன் சீறி மறைந்தால் சூடு மிகுதி. கொதிக்காமல் தங்கினால் கலவை செறிந்துள்ளது.

தீவுகளில் ஓட்டத்தைவிட ஓட்டம் முடிந்த பின்னுள்ள அரைமணி நேரமே எஞ்சினின் ஆயுளைத் தீர்மானிக்கிறது எனலாம். நைட்ரோமீத்தேன் எரிந்தபின் அமிலத் தன்மையுள்ள கசடு சிறிது தங்கும். எஞ்சிய மெதனால் ஈரத்தை இழுக்கும். கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் சுழல்தண்டைத் தாங்கும் எஃகுக் குண்டுகள் விரைவில் துருப்பிடித்துவிடும். தொட்டியை வடித்துவிட்டு, குழாயில் உள்ள எரிபொருள் தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு, பின்னர் கார்புரேட்டர் வழியாகவும் ஒளிர்முளையின் துளை வழியாகவும் சில சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டுச் சுழற்ற வேண்டும். கடற்கரையில் ஓட்டுவோர் காற்று வடிகட்டியையும் கவனித்தல் அவசியம். தீவுகளின் வெண்மணல் பெரும்பாலும் பவளத்தின் துகள். குவார்ட்ஸ் மணலைவிட மென்மையானதேயாயினும், விநாடிக்கு 500 முறை சுழலும் எஞ்சினுக்குள் புகுந்தால் அதுவும் அரமே. வடிகட்டியின் நுரைத்துண்டை எண்ணெயில் தோய்த்துப் பிழிந்து பொருத்தினால் துகள் அதில் ஒட்டிக்கொள்ளும்.

பள்ளிகளில் இவ்வெஞ்சினை இயக்கிக் காட்ட எண்ணும் ஆசிரியர் ஒன்றை எதற்கும் முன்னதாகக் கருத வேண்டும். மெதனால் கொடிய நஞ்சு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த சாராயத்தில் கலந்திருந்தது இதுவே. உடலில் இது பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பை அழிக்கும். சிறிதளவு உட்சென்றாலும் குருடாக்கவோ கொல்லவோ கூடும். அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தே தோன்றும். அதுவரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குழாயை வாயால் உறிஞ்சி எரிபொருளை இறக்கும் வழக்கம் லாரிப் பட்டறைகளிலிருந்து வந்தது. இங்கு அதற்கு இடமே இல்லை. இறக்குவதற்கு அமுக்குப் புட்டியைப் பயன்படுத்தலாம். மெதனாலின் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாதாகையால், சிந்திய எரிபொருள் உலருமுன் எஞ்சினைத் தொடங்குதல் கூடாது. மூடிய அறையில் இயக்குவதும் தகாது.

டப்பாவையும் புட்டிகளையும் பூட்டிய அலமாரியில் வைத்து, நஞ்சு என்னும் சொல்லை எழுதி ஒட்ட வேண்டும். தமிழ், வங்காளம், தெலுங்கு, இந்தி பேசும் குழந்தைகள் ஒரே வகுப்பில் அமரும் தீவுகளில் அச்சொல்லை நான்கு மொழிகளிலும் எழுதி, எழுத்தறியாச் சிறுவருக்காக மண்டையோட்டுக் குறியையும் வரைந்து வைப்பது நலம்.