புனிதரா, பேயா? கேட்கத் தடைசெய்யப்பட்ட ஒரு கேள்வி

முதுகில் சிறகுகள், தலையைச் சுற்றி ஒளிவட்டம், கையில் தீயுமிழும் வாள். போரில் கொல்லப்பட்டால், சில காலத்தின் பின் இன்னொரு போர்க்களத்தில் உயிரோடு வந்து இறங்குவார். அவரைக் கண்டதும் படையினர் முழந்தாளிடுகிறார்கள், அழுகிறார்கள், பிறகு எழுந்து சாவை நோக்கி ஓடுகிறார்கள். ‘வோர்ஹாமர் 40,000’ என்ற புனைவுலகில் ‘வாழும் புனிதர்’ என்று போற்றப்படும் செலஸ்டீன் இவர்தான்.

இந்தப் புனிதர் உண்மையில் ஒரு பேயா? அந்த உலகின் வாசகர்களும் விளையாட்டாளர்களும் நெடுங்காலமாக விவாதித்துவரும் கேள்வி இது. அந்த நாவல்களைப் பல வருடங்களாக வாசித்துவருபவன் என்ற வகையில், இதை இரசிகர்களுக்குள் நடக்கும் வெறும் பொழுதுபோக்குச் சண்டையாக என்னால் பார்க்க முடியவில்லை. புனிதம் என்று ஒன்றை யார் அறிவிக்கிறார்கள், அந்த அறிவிப்பைச் சோதிக்க யாருக்கு உரிமை இருக்கிறது என்பதே இக்கேள்விக்குள் இருக்கும் விடயம்.

இந்த உலகத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக ஓர் அறிமுகம். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரைத் தளமாகக் கொண்ட கேம்ஸ் வேர்க்ஷொப் நிறுவனம் 1987ஆம் ஆண்டு வெளியிட்ட மேசை விளையாட்டு இது. அதன் முதற்பதிப்பை எழுதியவர் ரிக் பிரிஸ்ட்லி. சிறு சிறு போர்வீரர் உருவங்களுக்கு வர்ணம் தீட்டி, பகடை உருட்டி விளையாடுவது. காலப்போக்கில் விளையாட்டைவிட அதற்குப் பின்னாலிருந்த கதையுலகம் பெரிதாகிவிட்டது. இன்று நூற்றுக்கணக்கான நாவல்களும் பல கணினி விளையாட்டுகளும் அதற்கு உண்டு. திரைவடிவத்துக்கான உடன்பாடு அமேசான் நிறுவனத்துடன் எட்டப்பட்டிருப்பதாக 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது.

கதை நடப்பது 41ஆவது ஆயிரமாண்டில். ஏறத்தாழ பத்து இலட்சம் உலகங்களை மனிதப் பேரரசு ஒன்று ஆள்கிறது. அதன் பெயர் இம்பீரியம். அதன் பேரரசர் பத்தாயிரம் ஆண்டுகளாகப் பொற்சிம்மாசனம் எனப்படும் ஓர் இயந்திரத்தில் உயிருமில்லாமல் பிணமுமில்லாமல் கிடத்தப்பட்டிருக்கிறார். அவரை அந்த நிலையில் வைத்திருக்கத் தினமும் ஆயிரம் மனிதர்கள் பலியாகிறார்கள். பேரரசு முழுவதும் அவரைக் கடவுளாக வணங்குகிறது. வணங்காதவருக்கு மரணம். அந்த மதத்தின் ஆயுதப் பிரிவுதான் ‘போர்ச் சகோதரிகள்’. செலஸ்டீன் அவர்களில் ஒருவராக இருந்தவர். என்ன குற்றத்துக்காக என்று நமக்குச் சொல்லப்படவில்லை. ஆனால் பாவம் கழுவப் போரிடும் தண்டனை அணியில் அவர் சேர்க்கப்பட்டிருந்தார். போர்க்களத்தில் இறந்தவர்களின் நடுவே உயிரோடு கண்டெடுக்கப்பட்டார். அதன் பிறகே புனிதரானார்.

பேய் என்றால் என்ன?

செலஸ்டீன் பேயா என்று கேட்பதற்கு முன், அந்த உலகில் பேய் என்பது என்ன என்று தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

நாம் வாழும் பொருள் உலகுக்கு இணையாக ‘வோர்ப்’ என்ற இன்னொரு தளம் அங்கே இருக்கிறது. அது உணர்ச்சிகளால் ஆனது. உயிர்கள் கொள்ளும் கோபம், பயம், ஆசை, நம்பிக்கை எல்லாம் அங்கே அலைகளாகப் பதிகின்றன. ஒரே உணர்ச்சி போதிய அளவு திரண்டால் அதற்கு உருவமும் விருப்பமும் வந்துவிடுகின்றன. கோபத்திலும் இரத்தத்திலும் பிறந்தவர் கோர்ன், சூழ்ச்சியிலும் மாற்றத்திலும் பிறந்தவர் சீன்ச், அழுகலிலும் விரக்தியிலும் பிறந்தவர் நேர்கல். நான்காவதான ஸ்லானேஷின் பிறப்பு இன்னும் தெளிவானது. எல்டார் என்ற பழம்பெரும் இனம் தலைமுறை தலைமுறையாக இன்பவெறியில் மூழ்கியதன் விளைவாக அது உருவாகி, பிறந்த கணத்திலேயே அந்த இனத்தின் பெரும்பகுதியை விழுங்கியது.

பேய்கள் இந்தத் தெய்வங்களின் துணுக்குகள். அவற்றைப் பொருள் உலகில் வெட்டிச் சாய்க்கலாம். ஆனால் அவை சாவதில்லை. வோர்ப்புக்குத் திரும்பிச் சென்று, காலம் வரும்போது மீண்டும் வருகின்றன.

ஆங்கிலத்தில் இவற்றைக் குறிக்க அவர்கள் பயன்படுத்துவது ‘டீமன்’ என்ற சொல்லின் பழைய எழுத்துவடிவத்தை. அதன் மூலமான கிரேக்கச் சொல்லுக்கு நல்லதுமாகலாம், கெட்டதுமாகலாம் என்ற பொருளில் ‘ஆவி’ என்றே அர்த்தம் இருந்தது. தீமை என்ற பொருள் பின்னால் ஏறியது. தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. காரைக்கால் அம்மையார் தம்மைப் பேய் என்றே பாடிக்கொண்டார். அதனால் அவருடைய புனிதம் குறையவில்லை. பேய் என்பது ஓர் இருப்பின் பெயர். அது நல்லதா கெட்டதா என்பது வேறு கேள்வி.

இரு பக்க வாதங்கள்

இப்போது செலஸ்டீனிடம் வருவோம். அவர் இறக்கிறார், மறைகிறார், திரும்பி வருகிறார். அன்டி கிளார்க் எழுதி 2019இல் வெளியான நாவல், இறப்புக்கும் மீள்வருகைக்கும் இடையில் அவர் எங்கே இருக்கிறார் என்பதைக் காட்டுகிறது. எலும்புகளாலான ஒரு மலைமேல், தான் யார் என்ற நினைவே இல்லாமல் அவர் கண்விழிக்கிறார். கொடூரமான ஒரு நிலப்பரப்பைக் கடந்துதான் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்த இடத்தை வோர்ப்பைத் தவிர வேறெதுவாகவும் என்னால் வாசிக்க முடியவில்லை. அவருடைய சக்தி கோடானுகோடி மக்களின் நம்பிக்கையோடு சேர்ந்தே வருகிறது. நம்பிக்கையும் ஓர் உணர்ச்சிதான். ஆக, பேய்க்குச் சொன்ன இலக்கணத்தில் பெரும்பகுதி இவருக்கும் பொருந்துகிறது.

இதை மறுப்பவர்கள் வழமையாகச் சொல்லும் பதில்கள் இரண்டு. ஒன்று, பேய்கள் அவரைக் கண்டு அஞ்சுகின்றன, எரிகின்றன என்பது. ஆனால் கோர்னின் பேய்களும் ஸ்லானேஷின் பேய்களும் ஒன்றையொன்று ஓயாமல் கொல்கின்றன. பேயை எதிர்ப்பது பேயில்லை என்பதற்குச் சான்றாகாது. மற்றையது, அவரைப் பேரரசர்தான் அனுப்புகிறார் என்பது. ஆனால் பேரரசரே இன்று என்னவாகியிருக்கிறார் என்பதுதானே அடுத்த கேள்வி?

இந்த இடத்தில் ஹோரஸ் கலகக் காலத்து நாவல்கள் முக்கியமான ஒரு தகவலைத் தருகின்றன. பேரரசர் நடமாடிய காலத்தில் மதத்தையே தடைசெய்திருந்தார். தன்னைக் கடவுள் என்று வணங்கிய லோர்காரைத் தண்டிக்க, லோர்காரின் மக்கள் எழுப்பிய மொனார்க்கியா என்ற நகரையே அழிப்பித்தார். அவமானப்பட்ட லோர்கார் உண்மையான தெய்வங்களைத் தேடிப்போய், அந்த நான்கு தெய்வங்களிடமும் சரணடைந்தார். பேரரசரின் படைத்தலைவர்களில் முதலில் வழிதவறியவர் அவரே. ஆனால் வழிதவறுவதற்கு முன் பேரரசரின் தெய்வீகம் பற்றி அவர் எழுதிவைத்த நூலின்மேல்தான் பின்னாளில் இம்பீரியத்தின் அரச மதம் எழுப்பப்பட்டது. மக்கள் ஓதும் வேதத்தின் ஆசிரியர் அவர்களுடைய முதலாவது பெரும் துரோகி.

முதல் புனிதரான யூஃப்ராட்டி கீலரின் கதையும் அந்தக் காலத்ததே. அவர் படம்பிடிப்பவராகப் படையுடன் சென்ற ஒரு சாதாரண மனிதர். மதம் தடைசெய்யப்பட்டிருந்தபோதே அவருடைய பிரார்த்தனை ஒரு பேயை விரட்டியது. பேரரசர் விரும்பாத வணக்கத்துக்கும் பலன் கிடைத்திருக்கிறது. அப்படியானால் அந்தச் சக்தியின் ஊற்று பேரரசரின் விருப்பமா, நம்புகிறவர்களின் நம்பிக்கையா?

டான் அப்னெட் எழுதி 2023, 2024ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக முடிந்த கலகத்தின் இறுதி நாவல் இதை இன்னும் கூர்மையாக்கியது. ஹோரஸை வெல்வதற்காகப் பேரரசர் வோர்ப்பின் சக்தியை அளவுக்கு மீறி உள்வாங்குகிறார். ‘இருண்ட அரசன்’ என்ற புதியதொரு கொடுந்தெய்வமாகப் பிறக்கும் விளிம்புக்கே போய்விடுகிறார். பழைய தோழர் ஒருவரின் வேண்டுதலால் அந்தச் சக்தியைத் துறக்கிறார். கடவுளாக மறுத்த அந்த மனிதரைத்தான் அடுத்த பத்தாயிரம் ஆண்டுகள் மக்கள் கடவுளாக வணங்கித் தீர்த்தார்கள். இன்பவெறி ஸ்லானேஷைப் பிறப்பிக்க முடியுமென்றால், பத்தாயிரம் ஆண்டுப் பயமும் பக்தியும் எதைப் பிறப்பிக்கும்?

என்னுடைய முடிவு இதுதான். எதனாலானவர் என்று கேட்டால், செலஸ்டீனும் பேயும் ஒரே சேற்றில் முளைத்தவர்கள். ஆனால் ஒரு வேறுபாடு எஞ்சியிருக்கிறது. பேய்க்குத் தன் தெய்வத்தின் பசியைத் தவிர வேறு அகம் இல்லை. செலஸ்டீனோ தன் நினைவை இழந்து தேடுகிறார், சந்தேகிக்கிறார், இந்தப் பாதை வேண்டுமா என்று தயங்கிப் பிறகு நடக்கிறார். தயங்கத் தெரிந்த ஒன்றைப் பேய் என்று எழுதிவிட என் மனம் ஒப்பவில்லை. அவர் இரகசியமாகத் தீயவர் என்பதற்குக் கதைகளில் ஆதாரமும் இல்லை.

சோதிக்க யாருக்கு உரிமை?

எனினும், என் முடிவை இம்பீரியத்தின் குடிமகன் ஒருவர் வந்தடைய முடியாது. அங்கே இக்கேள்வியைக் கேட்பதே குற்றம். கேட்கும் அதிகாரம் மதவிசாரணை அமைப்பான இன்குவிசிசனுக்கு மாத்திரமே உண்டு. அந்த அமைப்பு கேட்கும்போது என்ன நடக்கிறது என்பதற்கு எஃப்ரேல் ஸ்டேர்னின் கதை உதாரணம். அவரும் ஒரு போர்ச் சகோதரி. அவருக்கும் பேய்களை அழிக்கும் அசாதாரண சக்தி வாய்த்தது. ஆனால் அவர் துரோகியென வேட்டையாடப்பட்டார். ஏறக்குறைய ஒரேவிதமான அற்புதம். ஒருவருக்குச் சிலை, மற்றவருக்குப் பிடியாணை.

இது கற்பனை உலகின் விசித்திரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. கவசம் தரித்த இந்தப் பெண் புனிதரைப் பார்த்தவுடன் எனக்கு நினைவுக்கு வருபவர் பிரான்சின் ஜோன் ஒஃப் ஆர்க். புனித மிக்கேலும் கத்தரீனும் மார்கிரட்டும் தன்னுடன் பேசுவதாக அந்தக் கிராமத்துப் பெண் சொன்னார். 1429இல் பிரெஞ்சு இளவரசர் சார்ள்ஸின் பக்கத்து மதகுருமார் போய்ட்டியேயில் அவரை விசாரித்து, அவரிடம் தீங்கொன்றும் இல்லை என்றார்கள். இரண்டு வருடங்களின் பின், ஆங்கிலேயரின் பிடியிலிருந்த ரூவான் நகரில் ஆயர் கோஷோன் தலைமையில் கூடிய மதகுருமார் அவரைக் குற்றவாளியாகக் கண்டார்கள். 1431 மே 30ஆம் திகதி அவர் உயிரோடு எரிக்கப்பட்டார். ரூவான் மீண்டும் பிரெஞ்சு அரசின் கைக்கு வந்த பிறகு, 1456இல் அந்தத் தீர்ப்பு செல்லாது என அறிவிக்கப்பட்டது. 1920இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக்கியது.

அவர் கேட்ட குரல்கள் மாறவில்லை. நகரம் யாருடைய கையில் இருந்தது என்பதுதான் மாறியது.

செலஸ்டீன் விவாதத்தில் என்னைப் பிடித்துவைத்திருப்பது இந்த உண்மைதான். அவர் பேயாக இருந்திருந்தாலும் இம்பீரியத்துக்கு அது தெரியவந்திருக்காது. அவர் பேரரசுக்காகக் கொல்கிறார்; ஆகவே புனிதர். அதைத் தவிர வேறு அளவுகோல் அங்கே இல்லை. அந்த ஒளிவட்டத்தின் கீழ் ஓடிச் செத்த படையினரின் பெயர்களை எந்த நாவலும் முழுமையாகச் சொல்வதில்லை. தினமும் சிம்மாசனத்துக்குப் பலியாகும் ஆயிரம் பேருக்கும் பெயரில்லை. புனிதம் யாருடைய உயிரைத் தின்று வளர்கிறது என்று கேட்பது, பேய்க்கும் புனிதருக்கும் ஒருசேர வைக்கக்கூடிய ஒரே நேர்மையான சோதனை. அதில் இம்பீரியம் தேறாது.

இதை விளங்கிக்கொள்ளாமல் இம்பீரியத்தை முன்மாதிரி அரசாகவே கொண்டாடும் சிலரும் இருக்கிறார்கள். ஸ்பெயினில் நடந்த ஒரு போட்டிக்கு விளையாட்டாளர் ஒருவர் நாஜிச் சின்னங்களுடன் வந்தது சர்ச்சையான பின்னர், 2021 நவம்பரில் கேம்ஸ் வேர்க்ஷொப் நிறுவனம் வெளிப்படையாக ஓர் அறிக்கை விட வேண்டியதாயிற்று. இம்பீரியம் ஓர் அங்கதம், மனிதகுலம் போய்விடக்கூடாத இடத்தைக் காட்டும் எச்சரிக்கை என்பதே அதன் சாரம். நாற்பதாண்டுகளை அண்மிக்கும் ஒரு கதைக்கு அதன் உரிமையாளரே பொழிப்புரை சொல்ல வேண்டியிருப்பது கவலைக்குரியது. பொன்னும் ஒளியும் சிறகும் அவ்வளவு வலுவானவை.

ஆகவே, இந்த உலகத்துக்குள் புதிதாக நுழையும் பிள்ளைகள் செலஸ்டீன் பேயா என்று கேட்டால், அது வெறும் கதைதானே என்று வாயடைத்துவிடாதீர்கள். கேட்கவிடுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே எரிக்கப்படும் ஓர் உலகத்தைப் பற்றித்தான் அவர்கள் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.