கவலை முதல் இழுவை உருளை வரை

வேலூரின் தென்பால் மலையடிவாரத்தை ஒட்டிய பாகாயம் போன்ற ஊர்களில், கிணறு என்பது பாறையைப் பிளந்து பெறும் செல்வமாகும். இளங்கோவடிகள் நாடுகாண் காதையில் ஆம்பி, கிழார், ஏத்தம் முதலிய நீரிறைக்கும் கருவிகளைப் பெயர் சுட்டி, காவிரி நாட்டில் அவற்றின் ஒலிக்கு இடமில்லை என்பார். ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் பாலாற்றின் மக்களுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. நாம் இறைத்தே வாழ்ந்தோம். வற்றியபோது மேலும் ஆழப்படுத்தினோம்.

கிணற்றைத் தூர்வாரவும் ஆழப்படுத்தவும் வாயில் ஓர் இழுவை உருளையை நிறுத்துகின்றனர். வின்ச் என்று வழங்குவதும் இதுவே. அது எவ்வளவு இழுக்கும் என்று வினவினால் பெரும்பாலும் கிடைக்கும் விடை, ‘தாங்கும்’ என்பதுதான். அவ்வொரு சொல்லை நம்பி எண்பதடி ஆழத்தில் ஒருவர் நிற்கிறார். அவர் தலைக்கு மேலே கல் நிறைந்த கூடை ஏறுகிறது. ஆகவே, இவ்விசையைக் கணிக்கும் முறையை அறிவது நம் கடமையாகிறது. விசையைக் கிலோ எடையாகவே இங்குக் குறிப்போம். இயற்பியல் துறை நண்பர்கள் பொறுத்தருள்க.

முதலில் நம் முன்னோரின் கவலையை நோக்குவோம். தென்மாவட்டத்தார் இதனைக் கமலை என்பர். தோற்சால் நிறைய 150 லிட்டர் நீர், சாலும் வடமுமாக 20 கிலோ, உருளையின் உராய்வுக்குப் பத்தில் ஒரு பங்கு எனக் கொண்டால், காளைகள் இழுக்கவேண்டியது ஏறத்தாழ 187 கிலோ. இரு காளைகளும் சேர்ந்து 700 கிலோ எடை இருப்பின், நெடுநேரம் அவை இழுக்கவல்லது தம் எடையில் பத்தில் ஒரு பங்கான 70 கிலோ அளவே. பின் எவ்வாறு இழுத்தன? விடை சரிவுப் பாதையில் உள்ளது. ஐந்தடி நடந்தால் ஓரடி இறங்கும் சரிவில், காளைகளின் உடல் எடையே 140 கிலோ விசையைத் தந்துவிடுகிறது; எஞ்சிய 47 கிலோவே தசையின் உழைப்பு. வெறுஞ்சாலுடன் மீண்டும் மேலேறும்போது அக்கடனை அடைக்கின்றன. ஏட்டுக் கணக்கு அறியாத உழவர் அமைத்த சரிவு இது!

தோல் நகரங்களின் பிள்ளைகள் அறியவேண்டிய செய்தி ஒன்று. ஆல்பிரட் சாட்டர்டன் 1903ஆம் ஆண்டளவில் சென்னையில் குரோம் முறைத் தோல் பதனிடுதலைத் தொடங்கியபோது, நீரில் நெடுநாள் உழைக்கும் சாலுக்கு ஏற்ற தோலைப் பெறுவதும் அவர் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது.

இனிக் கைப்பிடி உருளைக்கு வருவோம். உருளையின் ஆரம் 10 சென்டிமீட்டர், நீளம் 30, கைப்பிடியின் நீளம் 40, கயிற்றின் தடிமன் 2 என்க. ஒருவர் களைப்பின்றித் தரும் விசை 15 கிலோ, இருவர்க்கு 30. கயிற்றின் நடுவரை அளந்தால் முதற்சுற்றின் ஆரம் 11 ஆகும். நாற்பதைப் பதினொன்றால் வகுத்து முப்பதால் பெருக்க 109 கிலோ. உராய்வுக்கு நூற்றுக்குப் பதினைந்து கழிக்க, 93 கிலோ. பலரும் இங்கே நிறுத்திவிடுகின்றனர். தவறு இங்கேதான் தொடங்குகிறது.

கயிறு சுற்றச் சுற்ற அடுக்கின் மேல் அடுக்கு ஏறுகிறது. ஓர் அடுக்கில் பதினைந்து சுற்றே அமையுமாதலின், எண்பதடிக் கயிறு மூன்றாம் அடுக்கை எட்டிவிடும். அப்போது ஆரம் 15. கிடைக்கும் இழுவிசை 68 கிலோ மட்டுமே. அடியில் இசைந்து கிளம்பிய 90 கிலோக் கூடை, கிணற்றின் வாயை நெருங்கும் வேளையில் ஒவ்வொருவரிடமும் 15க்குப் பதில் 20 கிலோ கேட்கிறது. களைத்த கையிலிருந்து கைப்பிடி நழுவுவதும், எதிர்ச்சுற்றில் தாடையைத் தாக்குவதும் இவ்விடத்தில்தான். பற்சக்கரமும் அதைத் தடுக்கும் நாக்கும் இல்லாத உருளையை நாம் ஒருபோதும் ஏற்றல் ஆகாது.

மின்மோட்டார் பூட்டிய உருளைக்குக் கணக்கு வேறு. ஒரு குதிரைத்திறன் என்பது நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 75 கிலோவைத் தூக்கும் ஆற்றல். 3 குதிரைத்திறன் மோட்டாரில், பல்லிணைகளில் வீணாவது போக நூற்றுக்கு எழுபது பயன்பட்டால், நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் 315 கிலோவும் கால் மீட்டர் வேகத்தில் 630 கிலோவும் இழுக்கலாம். விரைவு வேண்டுவோர் வலிவை இழப்பர். நம் சிற்றூர்களில் மின்னழுத்தம் குறைவது வழக்கமாதலின் மற்றொன்றும் கருதத்தக்கது. தூண்டல் மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் விசை நூற்றுக்கு அறுபத்து நான்காகிவிடும். மின்சாரம் முற்றும் நின்றால் தானே பற்றும் தடை வேண்டும்.

நீரேற்றும் பொறிகளை விளக்கி 1206இல் நூல் முடித்த அல்ஜசரி, பொறிகளைச் செய்து பார்த்துச் சரிகண்டே எழுதியவர். அவ்வழியை நாமும் பின்பற்றலாம். ஆள் இறங்குமுன், ஏற்றவிருக்கும் எடையினும் கால் பங்கு மிகுந்த மணல் மூட்டையைக் கிணற்றின் வாய்வரை ஏற்றி நிறுத்திப் பார்த்தல் வேண்டும். பாதி ஆழத்தில் நிறுத்திப் பார்ப்பது பயன் தராது. கயிறு அறுபடும் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கல் ஏற்றலாகாது. மனிதர் எனில் பத்தில் ஒரு பங்கே. கூடை அடியைத் தொட்ட பின்னும் உருளையில் மூன்று சுற்றுக் கயிறு எஞ்சியிருத்தல் வேண்டும்.