சத்தி நிற்காத மசக்கை: எப்போது வைத்தியசாலைக்குப் போக வேண்டும்?

கருவுற்ற முதல் மாதங்களில் பத்துப் பெண்களில் ஏழு பேருக்காவது ஓங்காளமோ சத்தியோ ஏற்படுகிறது. இவர்களில் சிறு பகுதியினருக்கு, அதாவது கர்ப்பிணிகளில் நூற்றுக்கு மூவர் வரையானோருக்கு, அது கடும் நோயாகிறது. தண்ணீர்கூட வயிற்றில் தங்காது. எடை கர்ப்பத்துக்கு முன்பிருந்ததைவிட 5 சதவீதத்துக்கு மேல் குறையும்; 50 கிலோ இருந்தவர் இரண்டரைக் கிலோவுக்கு மேல் இழப்பார். இதை மருத்துவர்கள் ஹைப்பரெமெசிஸ் கிராவிடாரம் என்பர். பெரும்பாலும் 4 முதல் 7 வாரங்களுக்குள் தொடங்கி, 9ஆம் வாரமளவில் உச்சமடைந்து, 20ஆம் வாரத்துக்குள் தணியும். சிலருக்குப் பிரசவம் வரை நீடிக்கும்.

இது மனப்பலவீனம் என்ற பழைய எண்ணம் தவறு. கருவும் நஞ்சுக்கொடியும் சுரக்கும் ஜிடிஎஃப்15 என்ற ஹோர்மோன் மூளையின் வாந்தி மையத்தைத் தூண்டுகிறது. கர்ப்பத்துக்கு முன் இது குறைவாக இருந்த பெண்களையே திடீர் உயர்வு அதிகம் வாட்டுகிறது. 2023 டிசம்பரில் 'நேச்சர்' இதழ் வெளியிட்ட, இதைக் கண்டறிந்த ஆய்வில் இலங்கை மருத்துவ ஆய்வாளர்களும் பங்கேற்றனர். இயல்பாகவே இந்த ஹோர்மோன் மிகுந்திருக்கும் தலசீமியா உள்ள பெண்களுக்கு மசக்கை மிகக் குறைவு என்பதையும் அது காட்டியது.

கண்டியை அடுத்த பல்லேகலயில் இருப்போர் முதலில் நாட வேண்டியவர் அப்பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தர். வீட்டுக்கு வரும்போதும் கிளினிக்கிலும் அவர் பதியும் எடையே முதல் எச்சரிக்கை. ஒரு நாள் முழுவதும் எதுவும் தங்காவிட்டாலோ, சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளானாலோ, எழும்போது தலை சுற்றினாலோ, இரத்தம் கலந்து சத்தி வந்தாலோ அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்கக்கூடாது. கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் சிகிச்சை இலவசம். அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் உண்டு.

வைத்தியசாலையில் சேலைனும் பொட்டாசியமும் ஏற்றி, கர்ப்பிணிக்கு ஏற்ற வாந்தித் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். பல நாள் சாப்பிடாதவருக்குக் குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் எனும் வைட்டமின் பி1 கொடுப்பது முக்கியம்; அது குறைந்தால் மூளை பாதிக்கப்படலாம். ஸ்கேனில் இரட்டைக் கருவோ முத்துப்பிள்ளைக் கர்ப்பமோ உள்ளதா என்றும் பார்ப்பார்கள்.

தேறியவருக்கு அடுத்த கர்ப்பத்திலும் இது திரும்பும் வாய்ப்பு அதிகம். முதல் கிளினிக்கிலேயே பழைய விவரத்தைச் சொன்னால், சத்தி முற்றுமுன் மருந்தைத் தொடங்கலாம்.