ஏரிக்கரைக்கு ஆள் வரவேண்டுமானால்

சித்திரை வெயிலில் ஏரி வற்றிவிட்டால் ஊருக்கு வேலை வந்துவிட்டது என்று பொருள். வேலூரை அடுத்த அணைக்கட்டுப் பக்கத்து ஊர்களில் தண்ணீர் வருவது ஜவ்வாது மலை ஓடைகளிலிருந்தும் உத்திரகாவிரி ஆற்றிலிருந்தும்தான். ஆண்டில் சில நாட்களே ஓடும் அந்த வெள்ளம் ஏரிக்குள் இறங்க, அதற்கு முன்பே வரத்துக்கால்வாயில் தூர் எடுத்திருக்க வேண்டும். கரை உயர்ந்திருக்க வேண்டும். மதகு அடைப்பில்லாமல் இருக்க வேண்டும். ஊர் சேர்ந்து செய்த இந்த வேலைக்குத்தான் குடிமராமத்து என்று பெயர்.

அதற்கு ஆள் எப்படி வந்தது? ஊர்ப்பற்று என்று ஒரே சொல்லில் முடித்துவிடக் கூடாது. ஏரி பாயும் ஆயக்கட்டில் யாருக்கு எத்தனை காணி என்பது, தண்ணீர் பங்கிட்டு விடும் நீர்க்கட்டிக்கு மனப்பாடம். அந்தக் கணக்குப்படிதான் வேலையும் பிரியும். கரையில் இன்னாருக்கு இத்தனை முழம் என்று அளந்து விட்டால், வராதவனுடைய துண்டு மட்டும் தாழ்ந்து கிடப்பதை ஊரே பார்க்கும். தண்ணீர் முறை வரும்போது அவன் அதே நீர்க்கட்டியிடம்தான் போய் நிற்கவேண்டும். மீன் ஏலப் பணமும் கரை மரங்களின் வருமானமும் ஊர்ப் பொதுவில் சேர்ந்தன. செய்த வேலைக்குப் பலன் கண்ணெதிரே இருந்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் எழுதமாட்டேன். வேலைக்கு ஊரைக் கூப்பிடத் தமுக்கு அடித்தவர்களும், மதகுக்குள் முங்கி அடைப்பெடுத்தவர்களும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியார். ஏரி பாயும் நன்செயில் அவர்களுக்குச் சொந்தமாக இருந்தது மிகக் குறைவு. பலன் ஒரு தெருவுக்கும் பாடு இன்னொரு தெருவுக்கும் என்று பிரிந்திருந்த கூட்டுவேலை அது. வெள்ளைக்கார அரசு 1858-இல் சென்னை மாகாணத்துக்கென்று கட்டாய உழைப்புச் சட்டம் போட்டது. வழக்கப்படி செய்யவேண்டிய ஏரி வேலைக்கு வராதவர், அந்த உழைப்பின் மதிப்பைப் போல் இரண்டு மடங்கு கட்டவேண்டும் என்றது. சட்டம் போடவேண்டிய நிலை வந்ததே, ஊருக்கு அந்த வேலையில் மனம் விட்டுப்போயிருந்ததற்குச் சாட்சி. சட்டம் வந்தும் குடிமராமத்து தேய்ந்துகொண்டேதான் போனது.

மிச்சமிருந்ததை மோட்டார் முடித்துவைத்தது. கிணறு ஆழமாகி, ஆழ்துளைக் கிணறு வந்து, 1990-களில் விவசாயத்துக்கு இலவச மின்சாரமும் வந்தபின், தன் கொல்லையில் தண்ணீர் உள்ளவனுக்கு ஏரியைப் பற்றிய கவலை அற்றது. ஏரி நிரம்பினால்தான் அந்தக் கிணறும் ஊறும் என்பது பூமிக்கடியில் நடக்கும் சங்கதி. தாழ்ந்து கிடக்கும் கரையைப் போல் அது யார் கண்ணையும் உறுத்துவதில்லை.

இன்று அதே ஊர்களில் காலையில் பொழுது நன்றாக ஏறுமுன் ஷூ கம்பெனி பஸ் வந்துவிடுகிறது. ஆம்பூர் வட்டாரத்துத் தொழிற்சாலைகளுக்கு இளம்பெண்கள் அதில் ஏறிப் போய்விடுகிறார்கள். நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியும் கூடையுமாக வருகிறவர்களில் பெரும்பாலோர் நடுவயது கடந்த பெண்கள். கூப்பிடும் முறையும் மாறிவிட்டது. தமுக்கின் இடத்தில் வாட்ஸ்அப் குரூப். ஏரியில் குப்பை என்று ஒருவர் படம் போடுவார். பத்துப் பேர் கைகூப்பும் பொம்மை போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கரையில் நிற்பது படம் போட்டவரும் அவருடைய நண்பர் இருவரும். இதை இளைஞர்களின் சோம்பல் என்று திட்டுவது நியாயமே இல்லை. கூட்டம் என்றாலே தனி ஆளின் முயற்சி குறையும். பிரெஞ்சுப் பொறியாளர் ரிங்கல்மான் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்ததை 1913-இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரும் தனியே இழுக்கும் பலத்தில் ஏறத்தாழ பாதிதான் கயிற்றில் தெரிந்தது. எல்லோரையும் பார்த்து ‘வாங்க’ என்றால் யாரையும் கூப்பிட்டதாகாது. நீர்க்கட்டி வீடுவீடாகப் போய் இந்தத் துண்டு உன்னுடையது என்று சொன்னதைக் குரூப் சொல்வதில்லை.

ஊரை மறுபடி ஏரி வேலைக்குக் கொண்டுவருவதை அரசும் யோசித்தது. 2017-இல் குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோது, முதல் கட்டமாக 1,519 பணிகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கி, செலவில் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டு உழவர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்றது. எண்ணம் நல்லது. ஆனால் பொக்லைன் ஒரே நாளில் அள்ளிப்போடும் இடத்தில் அந்தப் பத்தில் ஒரு பங்கு உழைப்பு வெறும் கணக்கெழுத்தாகிவிடும் ஆபத்து உண்டு. ஊர் கை வைக்காத கரையை ஊர் காவல் காக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

பக்கத்து கணியம்பாடியில் வேறொன்று நடந்தது. வறண்டு கிடந்த நாகநதியை மீட்கும் வேலை 2014-இல் தொடங்கியது. வாழும் கலை அமைப்பு வழிகாட்ட, நூறு நாள் வேலைத் திட்டக் கூலியில் பெண்கள் ஓடைகளில் கல் தடுப்புகள் அடுக்கினார்கள். மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் கிணறுகளைத் தோண்டி உறை இறக்கினார்கள். ஓடும் நீரைத் தடுப்பு நிதானப்படுத்தும். கிணறு அதை அடிநிலத்துக்குக் கொண்டுபோகும். சேர்ந்த பெண்கள் ஏறத்தாழ 20,000 பேர் என்கிறார்கள். 2021 செப்டம்பரில் பிரதமர் வானொலியில் இவர்களைப் பற்றிப் பேசினார். கூலி அவர்களை அழைத்துவந்தது, உண்மை. ஆனால் சாலையோரப் புல் செதுக்கும் வேலைக்கும் அதே கூலிதான். இங்கே ஒவ்வொரு கிணறும் தனியாகத் தெரிந்தது. இதை நாங்கள் தோண்டினோம் என்று விரல் நீட்டிக் காட்ட முடிந்தது. பிறகு தண்ணீரும் வந்தது. அதிலும் ஒரு காலத்தில் கூட்டுவேலையில் பாடு மட்டுமே பங்காகக் கிடைத்த தெருக்களின் பெண்களும் இந்த வேலையில் நிற்க முடிகிறதே, அதுதான் எனக்குப் பெரிய மாற்றம்.

அணைக்கட்டு ஏரிகளுக்கும் இது எட்டாத காரியமல்ல. குரூப்பில் பொதுவாகக் கூவுவதை விட்டுவிட்டு, கரையை மறுபடி துண்டாகப் பிரித்து இன்ன தெருவுக்கு, இன்ன சுய உதவிக்குழுவுக்கு என்று பெயர் எழுதிவைக்கலாம். அவரவர் துண்டின் படத்தை மாதம் ஒருமுறை அதே குரூப்பில் போடலாம். மீன் ஏலத்தில் ஒரு பங்கு ஏரிச் செலவுக்கே வரட்டும். வரவு செலவு எல்லோர் போனுக்கும் போகட்டும். ஷூ கம்பெனிப் பெண்களுக்கு விடுப்பு ஞாயிறுதான் என்றால் ஏரிக் கூட்டமும் ஞாயிறு மாலையில் நடக்கட்டும். அன்று அவர்களுக்கு வீட்டில் குவிந்து கிடக்கும் துணியையும் சமையலையும் ஆண்கள் எடுத்துக்கொண்டால் இன்னும் நாலு பேர் கூடுதலாக வருவார்கள்.