ஐந்து வயதில் பக்கவாதம்

பக்கவாதம் என்றால் நம் ஊரில் அது வயதானவர்களின் நோய். கை கால் இழுத்துக்கொண்டது, வாய் கோணிவிட்டது என்று தாத்தா பாட்டிகளைப் பற்றித்தான் பேசுவோம். ஐந்து வயதுக் குழந்தைக்கு அது வந்தால் காற்று கருப்பு அடித்துவிட்டது என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரிவாள் செல் நோய் உள்ள குழந்தைகளுக்குப் பக்கவாதம் வருகிறது. எத்தனை பேருக்கு, எந்த வயதில் என்பதைப் பெரிய அளவில் எண்ணிச் சொன்ன ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ஒரு கானா நாட்டுக்காரர். பெயர் குவாக்கு ஒஹேனே-ஃப்ரெம்பாங்.

1946இல் கானாவில் பிறந்தவர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். தடை தாண்டும் ஓட்டத்தில் பெயர் எடுத்து, அங்கே தடகள அணிக்கே தலைவரானார். ஒருநாள் அரிவாள் செல் நோய் பற்றிய ஒரு விரிவுரையைக் கேட்கப் போனவருக்கு, பேசுகிறவர் தன் உறவினர் பட்ட வேதனையைத்தான் விவரிக்கிறார் என்று உறைத்தது. ஊரில் பார்த்த நோய்க்கு அயல்நாட்டில் பெயர் கிடைத்தது. பிறகு அங்கேயே மருத்துவம் படித்தார். படித்துக்கொண்டிருந்த காலத்தில், 1972இல், மகன் பிறந்தான். அவனுக்கும் அதே நோய்.

நோய் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிடுவோம். ரத்தத்தின் சிவப்பணு தட்டு வடிவில், வளைந்து கொடுக்கும் தன்மையோடு இருக்கும். முடியளவு மெல்லிய குழாயிலும் நெளிந்து போய்விடும். இந்த நோயில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஒரு சிறு மாற்றம். ஆக்சிஜனை இறக்கிவைத்ததும் அணு விறைத்து, கதிர் அறுக்கும் அரிவாள்போல் வளைந்துவிடுகிறது. வளைந்த அணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டுகின்றன, சீக்கிரம் உடைகின்றன. உடைந்த அணுவிலிருந்து சிந்தும் ஹீமோகுளோபின், ரத்தக் குழாயை விரிய வைக்கும் நைட்ரிக் ஆக்சைடை உறிஞ்சிவிடுகிறது. ரத்தம் உறைகிற போக்கும் கூடுகிறது. மூளைக்குப் போகும் பெரிய குழாய்களின் உட்சுவர் ஆண்டுக்கணக்கில் தடித்துத் தடித்து வழி குறுகும். ஒருநாள் அடைத்துக்கொள்ளும். அதுதான் அந்தக் குழந்தையின் பக்கவாதம்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் சுமப்பவர், நோயாளி அல்ல. இருவருமே சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பேறுகாலத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்கு நோய் வர.

அமெரிக்காவில் இது கறுப்பின மக்களின் நோயாகப் பார்க்கப்பட்டது. அதனாலேயே கண்டுகொள்ளப்படாமலும் கிடந்தது. 1910இலேயே சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் இதைப் பதிவுசெய்துவிட்டார். 1949இல் லைனஸ் பாலிங் குழு மூலக்கூறு அளவில் காரணத்தையும் காட்டிவிட்டது. ஆனால் நோயாளிக்கு என்ன கிடைத்தது? 1970இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரை கணக்கைப் போட்டுக் காட்டியது. 1967இல் இந்த நோயோடு பிறந்தவர்கள் ஏறக்குறைய 1,155 பேர். பெரும்பாலும் வெள்ளையருக்கு வரும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நுரையீரல் நோய்க்கு 1,206 பேர். அந்த நோய்க்குத் தொண்டு அமைப்புகள் திரட்டிய நிதி 19 லட்சம் டாலர். அரிவாள் செல் நோய்க்கு ஒரு லட்சம் டாலர்கூட இல்லை. நோயாளிகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்று, கிடைத்த காசு இருபதில் ஒரு பங்கு. இதை விளக்க நமக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

இந்தப் புறக்கணிப்பை வீதிக்குக் கொண்டுவந்தவர்கள் கருஞ்சிறுத்தைகள். 1971 முதல் தங்கள் இலவச மருத்துவ மையங்களில் அரிவாள் செல் பரிசோதனை நடத்தினார்கள். அவர்கள் பெயரை ஏற்று 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் இயக்கம் பிறந்த கதை இப்பத்தியின் வாசகர்களுக்குத் தெரியும். கருஞ்சிறுத்தைகள் ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதே 1972இல் அமெரிக்க அரசு இந்த நோய்க்கென்று தனிச்சட்டம் கொண்டுவந்தது. ஆய்வுக்குப் பணம் வந்தது.

அந்தப் பணத்தில் நடந்த பெரிய வேலைதான் அரிவாள் செல் நோய்க் கூட்டாய்வு. 1978 தொடங்கிப் பத்தாண்டுகளில் சேர்க்கப்பட்ட 4,082 நோயாளிகளின் பக்கவாதக் கணக்கை ஒஹேனே-ஃப்ரெம்பாங் குழு 1998இல் வெளியிட்டது. நோயின் கடுமையான வகை உள்ளவர்களில் 20 வயதுக்குள் 100க்கு 11 பேருக்குப் பக்கவாதம். 45 வயதை எட்டும்போது 100க்கு 24 பேருக்கு. ரத்தக் குழாய் அடைப்பால் வரும் பக்கவாதம் இரண்டு முதல் ஒன்பது வயதுக்குள் அதிகம் தாக்குகிறது; குழாய் வெடித்து வருவது இருபதுகளில். பள்ளிக்கூடம் சேரும் வயதில் ஒரு கையும் பேச்சும் போவது விதி என்று கிடந்த இடத்தில், ஆபத்து எந்த வயதில் வரும் என்று எழுதிக் கொடுத்தது இந்தக் கணக்கு.

எந்தக் குழந்தைக்கு என்பது அடுத்த கேள்வி. அதற்கு விடை தேடியவர் ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டா நகர நரம்பியல் மருத்துவர் ராபர்ட் ஆடம்ஸ். தண்ணீர்க் குழாயின் வாயைக் கட்டை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் சீறும் அல்லவா? மூளைக்குப் போகும் குழாய் குறுகினாலும் அப்படித்தான், ரத்தம் வேகமெடுக்கும். நெற்றிப் பொட்டில் கருவியை வைத்து, ஒலி அலையால் அந்த வேகத்தை அளக்கலாம். ஊசி இல்லை, கத்தி இல்லை, வலி இல்லை. டாப்ளர் பரிசோதனை என்பார்கள். விநாடிக்கு 200 சென்டிமீட்டரைத் தொட்டால் ஆபத்து.

ஏறத்தாழ 2,000 குழந்தைகளை அளந்து, ஆபத்தில் இருந்த 130 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். 63 பேருக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றினார்கள். 67 பேருக்கு வழக்கமான சிகிச்சை. வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 11 குழந்தைகளுக்குப் பக்கவாதம் வந்தது. ரத்தம் ஏற்றிய பிரிவில் ஒரே ஒரு குழந்தைக்கு. இனியும் ஒரு பிரிவுக்கு ரத்தம் தராமல் இருப்பது நியாயம் இல்லை என்று ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். 1998இல் வெளியான இந்த முடிவு, பக்கவாதத்தை வரும் முன்பே தடுக்கலாம் என்று உறுதிசெய்தது.

சிக்கல் தீர்ந்துவிடவில்லை. ரத்தம் ஏற்றுவதை நிறுத்திப் பார்த்தார்கள். சில குழந்தைகளுக்கு மறுபடி வேகம் கூடியது, இருவருக்குப் பக்கவாதமே வந்தது. தொடர்ந்து ஏற்றினால் உடலில் இரும்புச் சத்து சேர்ந்து ஈரலையும் இதயத்தையும் கெடுக்கும். ரத்த வங்கியே இல்லாத ஊரில் மாதம் ஒரு பாட்டிலுக்கு எங்கே போவது? அந்த இடத்தில் உதவிக்கு வந்தது ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை. ஓராண்டாவது ரத்தம் ஏற்றிக்கொண்ட, மூளைக் குழாய்கள் பெரிதும் கெடாத குழந்தைகள் இந்த மாத்திரைக்கு மாறலாம் என்று 2016இல் அமெரிக்காவில் இன்னொரு ஆய்வு காட்டியது. நைஜீரியாவின் கானோ, கடுனா நகரங்களில், ரத்தம் ஏற்ற வழியில்லாத நிலையில், மாத்திரையை மட்டும் வைத்தே குழந்தைகளைக் காக்கும் ஆய்வுகள் நடந்தன.

ஒஹேனே-ஃப்ரெம்பாங் அமெரிக்காவில் புகழோடு இருந்துவிடலாம். ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் அரிவாள் செல் மையத்தின் இயக்குநர் அவர். ஆனாலும் 1990களில் கானாவின் குமாசி நகரில், பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதிக்கும் திட்டத்தைத் தொடங்கினார். 100 குழந்தைகளில் ஏறக்குறைய இருவருக்கு நோய் இருந்தது. 2013இல் மகன் இறந்தார். தந்தை தன் வேலையை விடவில்லை. 2022இல் அவரும் மறைந்தார்.

தமிழ் படித்தவன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. கானா மக்கள் மொழிகளில் இந்த நோய்க்குப் பழைய பெயர்கள் உண்டு. ஃபாண்டியில் 'ந்வீவீ', கா மொழியில் 'ச்வெச்வீச்வெ'. எலும்பைக் குடையும் வலியின் முனகலே பெயராகி நிற்கும் இரட்டைக்கிளவிகள். இவற்றைத் தொகுத்துச் சொன்ன கானா மருத்துவர் ஃபீலிக்ஸ் கொனொட்டே-அஹுலு, தன் குடும்பத்தில் இந்த நோயை 1670 வரை பின்னோக்கிப் போய்க் கண்டறிந்தவர். ஹெரிக் கண்டுபிடிப்பதற்கு 240 ஆண்டு முன்பே அந்த வீட்டுக்கு நோய் தெரியும்.

நம் பக்கம் வருவோம். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்த மரபணு இருப்பதை எழுதினார்கள். 1958இல் மத்திய இந்தியாவின் மகர் மக்களிடம் இருப்பதாக இன்னொரு கட்டுரை வந்தது. அண்ணல் அம்பேத்கர் பிறந்த சமூகம் அது. மலேரியா கொன்ற பகுதிகளில் இந்த மரபணுவைச் சுமப்பவர்கள் பிழைத்தார்கள், அதனால் அது அங்கே தங்கியது. இதில் சாதிக்கு வேலையே இல்லை. வந்த மரபணு ஒரே வட்டத்துக்குள் சுற்றுவதற்குத்தான் அகமணம் காரணம். சாதியின் உயிர்நாடி அகமணமே என்று அம்பேத்கர் 1916இல் எழுதிய கட்டுரை சமூகவியலில் மட்டும் படிக்க வேண்டியது அல்ல.

இந்தியாவில் காணப்படும் வகையில் கருவிலிருக்கும்போது சுரக்கும் ஹீமோகுளோபின் பிறந்த பிறகும் கூடுதலாக நீடிப்பதால், நோய் சற்று மிதமானது என்பார்கள். அதை நம்பி அசந்துவிட முடியாது. நாக்பூர்ப் பகுதிக் குழந்தைகளிடம் கடுமையாகவும் வருகிறது என்று அங்குள்ள மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள்.

2023 ஜூலையில் ஒன்றிய அரசு தொடங்கிய தேசிய இயக்கம், 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதிப்பதாகச் சொன்னது. தமிழ்நாடும் அதில் உண்டு. சோதனை முடிந்ததும் கையில் ஓர் அட்டை வரும். அமெரிக்க அனுபவத்தை இங்கே நினைக்க வேண்டும். அங்கே 1970களில் அவசரமாகப் பரிசோதித்தபோது, சுமப்பவரையும் நோயாளியையும் ஒன்றாகக் குழப்பினார்கள். நோயே இல்லாதவர்களுக்கு வேலை மறுத்தார்கள். விமானப்படை அகாடமி 1981 வரை சுமப்பவர்களைச் சேர்க்கவில்லை. நம் ஊரில் அந்த அட்டை பெண் பார்க்க வருகிறவர்களின் கைக்குத்தான் முதலில் போகும் என்ற அச்சம் எனக்கு உண்டு. அட்டை கொடுப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் விளக்கிச் சொல்ல வேண்டும். நோய் உறுதியான குழந்தைக்கு இரண்டு வயதிலிருந்து ஆண்டுதோறும் டாப்ளர் பார்க்க வேண்டும். மாத்திரை தடையின்றிக் கிடைக்க வேண்டும். எத்தனை பேரைச் சோதித்தோம் என்ற எண்ணிக்கையோடு, எத்தனை குழந்தைக்கு டாப்ளர் பார்த்தோம் என்ற எண்ணிக்கையையும் நாம் கேட்க வேண்டும்.

இந்த நோயுள்ள மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரிவாள் செல் நோயையும், ரத்தம் உறையாத ஹீமோஃபிலியாவையும், தலசீமியாவையும் 21 வகைக் குறைபாடுகளில் சேர்த்திருக்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு இருப்பதாகச் சான்றிதழ் பெற்றால், அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடு இடஒதுக்கீட்டில் உரிமை உண்டு. அரசு வேலைக்கான 4 விழுக்காடு ஒதுக்கீட்டைச் சொல்லும் 34ஆம் பிரிவில் மட்டும் இந்த மூன்று ரத்த நோய்களின் பெயரும் இல்லை. படிக்க இடம் கொடுத்த அதே சட்டம் வேலைக்கு வரும்போது வாய் திறக்கவில்லை.